ஒட்டு அடினியம் இணையத்தில் வாங்குவோரே கவனம்: 18,500 ரூபா போச்சு

திருகோணமலையில் பூங்கன்று வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். அடினியம் என்பது அடித்தண்டு கிழங்குபோல் பருத்த பூச்செடி; ஒட்டு என்றால் ஒரு கன்றின் மேல் வேறொன்றின் தண்டைப் பொருத்தி வளர்த்தது. சமூக வலைத்தளத்தில் கன்று விற்கும் ஒரு பக்கத்துக்கு 18,500 ரூபா கட்டியதற்கு வந்து சேர்ந்தது அழுகிய கிழங்கும் வேரில்லாத தடியும். பெட்டி இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது. இனி யாரும் ஏமாறாதபடி, ஒட்டுக்கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

அடுக்கிதழ் ஒட்டு அடினியம் 4, ஒன்று 3,500 ரூபா. வெள்ளை கலந்த இலையுள்ள போகன்விலா 3, ஒன்று 1,200. கூரியர் 900. மொத்தம் 18,500, எல்லாம் முற்பணம்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். என்ன ஒட்டு என்று கேட்டதும் "ஆப்பு ஒட்டு அக்கா, விதைக்கன்றில ஏத்தினது" என்று தயங்காமல் பதில் வந்தது. மேல்தண்டை ஆப்புப்போலச் சீவி அடிக்கன்றின் பிளவில் செருகுவதுதான் ஆப்பு ஒட்டு. காணொளியில் ஒட்டைச் சுற்றியிருந்த நாடாவைக் கழற்றி, அடிக்கன்றின் தோலும் மேல்தண்டின் தோலும் கூடும் கோட்டைக் கிட்டக் காட்டினார்கள். அந்தக் கோடு உண்மையான ஒட்டில் ஆண்டுக்கணக்கில் மறையாது. என் பெயரை ஒரு தாளில் எழுதிச் சாடியில் சாய்த்து வைத்துப் படமும் அனுப்பினார்கள். அந்தப் படம் வந்த பிறகுதான் காசு போட்டேன். வந்த கன்றுகளில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இருந்ததில்லை.

அடினியத்தை மண்ணில்லாமல் அனுப்புவது பிழையல்ல. வேரைக் கழுவி, நிழலில் சில நாள் உலரவிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றினால் ஒரு கிழமைப் பயணத்தையும் தாங்கும். இவர்கள் செய்ததோ ஈரத் தும்புத்தூளைப் பொத்திப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டியது. காற்றும் இல்லை, ஈரமும் போகாது. இரண்டு கன்றின் கிழங்கு விரல் பட்டதும் குழைந்து, புளித்த நாற்றத்தோடு தண்ணீர் கசிந்தது. மற்ற இரண்டிலும் நாடாவைப் பிரித்தேன். உள்ளே வெட்டே இல்லை! நுனி கிள்ளிக் கிளைவிட்ட சாதாரண விதைக்கன்றில் வெறும் நாடாவைச் சுற்றியிருக்கிறார்கள். தோல் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாக இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஐந்து இதழ் இளஞ்சிவப்புப் பூதான் வரும். ஊரில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் கன்று அது.

போகன்விலா இன்னும் மோசம். தண்டில் இருந்த சத்தில் துளிர் விட்ட தடிகள், அவ்வளவுதான். மெல்லத் தூக்கியதும் முழுசாகக் கையோடு வந்தன. அடியில் ஒரு வேர் இல்லை. இப்படித் துளிர்ப்பது இரண்டு மூன்று கிழமை பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் கருகிவிடும்.

படங்களோடு அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். வந்த பதில்: "பயணத்தில வாடியிருக்கு அக்கா, நல்லா தண்ணி விடுங்கோ, எழும்பிடும்." இதைவிடக் கெட்ட ஆலோசனை கிடையாது. தண்ணீர் இல்லாமல் வாடிய கிழங்கில் தோல் சுருங்கும், அமத்தினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெல்லக் கொடுக்கும், நாற்றம் இருக்காது. அழுகியதில் ஓரிடம் கறுத்துச் சொதசொதக்கும். கத்தியால் கீறினால் வெள்ளைக்குப் பதில் மண்ணிறம் தெரியும். அதற்குத் தண்ணீர் விட்டால் மிச்சமும் போகும். வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, கறுவாத் தூளோ பூஞ்சணக் கொல்லியோ பூசி, ஒரு கிழமை உலர விட வேண்டும். என் இரண்டிலும் வெட்டி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்த பதில்: "உங்கட ஊர்க் கச்சான் காத்துக்கு அப்பிடித்தான்." கச்சான் என்பது இங்கே வீசும் சூடான வறண்ட காற்று. அடினியமோ ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளரும் செடி! எங்கள் கச்சானில் பக்கத்து வீடுகளில் பூத்துக் குலுங்குகிறது. அதோடு, பெட்டி திறந்த அன்றே அழுகியிருந்ததற்கு எங்கள் காற்று என்ன செய்யும்?

பிறகு "கூரியரிட்ட கேளுங்கோ" என்றார்கள். கேட்டால், பொதியில் உடுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், செடி என்று சொல்லவே இல்லை, பொறுப்பெடுக்க முடியாது என்கிறார்கள். திரும்பப் பக்கத்துக்கு எழுதினேன். வாசித்தார்கள், பதில் இல்லை. பிறகு என்னைத் தடுத்துவிட்டார்கள். 18,500 ரூபா. ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் சாப்பாட்டுச் செலவு!

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கும் முறை இல்லையென்றால் வாங்காதீர்கள். நேரடி அழைப்பிலேயே நாடாவைக் கழற்றி, சாடியிலிருந்து கன்றை எடுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த காணொளி வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போதே படம் பிடியுங்கள். காசு போட்ட பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள், நானும் முறையிடுகிறேன். அழுகிய கன்றோடு வந்த தும்புத்தூளை மற்றச் சாடிகளில் போடாதீர்கள்.

பக்கத்தின் பெயரை அவர்கள் மாற்றலாம். படங்கள் அதேதான் இருக்கும்: சீமெந்துக் கட்டின் மேல் வரிசையாக வெள்ளைச் சாடிகள், பின்னால் பச்சை வலை. கண்டால் ஒரு ரூபாவும் போடாதீர்கள்.