ஒற்றைத் தாடையா, இரட்டைத் தாடையா? தூக்கத்தில் விடும் மூச்சை வைத்து ஓர் அலசல்

கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, கீழ்ப்பல் வரிசை மேல்வரிசையைத் தாண்டி நிற்பவர்களுக்கு, வளர்ச்சி முடிந்த பிறகு மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, கீழ்த்தாடையை மட்டும் பின்னால் தள்ளுவது (ஒற்றைத் தாடை). மற்றது, மேல்தாடையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, கீழ்த்தாடையைக் குறைவாகத் தள்ளுவது (இரட்டைத் தாடை). நான் இரண்டாவதைச் செய்துகொண்டேன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

எல்லோரும் முதலில் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல் கடிப்பு இரண்டிலும் சரியாகும். பல்லுக்குக் கம்பி போடுவது இரண்டுக்கும் பொது. கீழுதடு மரத்துப்போகும் அபாயமும் பொது, ஏனென்றால் நரம்பு ஓடும் கீழ்த்தாடையை இரண்டிலும் பிளக்கிறார்கள். இரட்டைத் தாடைக்குச் செலவு, மயக்கத்தில் இருக்கும் நேரம், வீக்கம் மூன்றும் கூடுதல். புதிய முறை என்ற பயம் எதற்கும் வேண்டாம். கீழ்த்தாடையை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை 1950களில் வகுத்தவர் சூரிச்சில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஹூகோ ஓப்வேகேசர். இரண்டு தாடைகளையும் ஒரே ஆபரேஷனில் நகர்த்தியதைப் பற்றி 1970இல் எழுதியவரும் அவரே.

என்னை முடிவெடுக்க வைத்தது மூச்சுப்பாதை. என் அப்பா பல வருடங்களாக சிபேப் மாஸ்க் (காற்றை அழுத்தமாகச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி) மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். அந்தக் குறட்டையையும், நடுவில் திடீரென்று மூச்சு நின்று திணறி எழுவதையும் கேட்டு வளர்ந்தவனுக்கு முகத்தோற்றத்தை விட இது பெரிய கேள்வி.

நாக்கின் பெரிய தசை, கீழ்த்தாடையின் உட்பக்கத்தில், முன்பற்களுக்குக் கீழே எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் உள்ள நாவடி எலும்பும் தசைகள் வழியாக அதே தாடையோடுதான் இணைந்திருக்கிறது. தாடை பின்னால் போனால் நாக்கின் அடியும் கூடவே போகும். நாவடி எலும்பு கீழே இறங்கும். நாக்குக்குப் பின்னால் காற்று போகும் இடம் குறுகும். மேல்தாடையில் கதை நேர்மாறு. வாயின் மேற்கூரையில் பின்பக்கம் மென்மையாக இருக்கும் மெல்லண்ணம் அதன் பின்விளிம்பில் தொங்குவதால், மேல்தாடை முன்னே வரும்போது அதுவும் முன்னே இழுபட்டு, மூக்குக்குப் பின்னால் உள்ள பாதை விரிகிறது. விழித்திருக்கும்போது தசைகளின் விறைப்பு பாதையைத் திறந்து வைத்துவிடும். தூங்கும்போது அந்த விறைப்பு தளரும். அப்போது மில்லிமீட்டர்களுக்கும் மதிப்பு உண்டு.

இதற்கு வலுவான சான்று எதிர்த்திசையில் கிடைக்கிறது. கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய், உள்ளவர்களுக்கு இரண்டு தாடைகளையும் சுமார் 10 மி.மீ. முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் உண்டு. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மணிக்குச் சராசரியாக 64 முறை மூச்சு தடைப்பட்டவர்களுக்கு அது பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. (மணிக்கு 5க்குக் கீழ் இயல்பு, 30க்கு மேல் கடுமை.) எலும்பை முன்னால் நகர்த்தினால் இவ்வளவு திறக்கிறது என்றால், பின்னால் தள்ளுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத்தானே வேண்டும்?

எனக்குத் தேவைப்பட்ட மொத்த நகர்வு 9 மி.மீ. மருத்துவர் இரண்டு திட்டங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடதுபக்கம் கீழ்த்தாடை மட்டும் 9 மி.மீ. பின்னால். வலதுபக்கம் மேல்தாடை 4 முன்னால், கீழ்த்தாடை 5 பின்னால். ஸ்கேனில் என் மூச்சுப்பாதை வண்ணம் தீட்டிய குழாய் மாதிரி தெரிந்தது. நாக்கடிக்குப் பின்னால் மிகக் குறுகலான இடம் மட்டும் சிவப்பு. இடதுபக்கத் திட்டத்தில் தாடை நகரும் அளவை அந்தச் சிவப்புக்கு எதிரே விரலால் காட்டி, "ஏற்கனவே இடம் குறைச்சலா இருக்குற இடத்துக்குத்தான் நாக்கு வரும் தம்பி" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒற்றைத் தாடைக்காரர்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. கீழ்த்தாடையை மட்டும் தள்ளிக்கொண்ட பெரும்பாலான இளைஞர்களுக்கு ஆப்னியா வருவதில்லை. படத்தில் பாதை குறுகினாலும் நாக்கும் தலை நிற்கும் கோணமும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. தள்ளும் அளவு பெரிதாக இருப்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், ஏற்கனவே குறட்டை உள்ளவர்கள்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஸ்கேனும் விழித்திருக்கும்போது எடுத்ததுதான். தூக்கத்தில் நடப்பதை அது நேரடியாகக் காட்டாது. இரட்டைத் தாடையிலும் கீழ்த்தாடை பின்னால் போகிற அளவுக்கு நாக்கடியில் குறுகல் உண்டு, ஆனால் குறைவு.

இரட்டையின் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். மேல்தாடையை அறுத்து நகர்த்துவதால் முதல் சில இரவுகள் மூக்கு இரத்தக்கட்டியால் அடைத்துக்கொள்ளும். வாயோ ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, பற்களுக்கு நடுவே மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தேன். மூச்சுக்காகச் செய்த ஆபரேஷனில் மூச்சே பெரும்பாடாக இருந்த இரவுகள் அவை. மூக்கின் அடிப்பகுதி அகலமாகவும் வாய்ப்பு உண்டு. அதைக் குறைக்கத் தைக்கும்போது இழுத்துக் கட்டுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் அகலமாகத்தான் ஆனது.

ஆபரேஷனுக்கு முன்னும், வீக்கமெல்லாம் வடிந்த பிறகும் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை தடைப்படுகிறது என்று அளக்கும் பரிசோதனை) செய்தேன். இரண்டிலும் 5க்குக் கீழ்தான். ஒற்றைத் தாடை செய்திருந்தாலும் அப்படியே இருந்திருக்கலாம். நான் பார்த்தது என் ஐம்பது வயதை. எடை கூடும், தசை தளரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தள்ளிவைத்த எலும்பை மறுபடி முன்னால் கொண்டுவர இன்னொரு ஆபரேஷன்தான் வழி. அப்பாவின் தொண்டை எனக்கும் வாய்த்திருக்குமானால், இந்த 4 மி.மீ. அன்றைக்குத்தான் கணக்குக்கு வரும். அவ்வளவு காலம் என் அனுபவம் இன்னும் நீளவில்லை.

தள்ள வேண்டியது மூன்று நான்கு மி.மீ.தான், மேல்தாடை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, ஒல்லியான உடம்பு, வீட்டில் யாருக்கும் குறட்டைத் தொல்லை இல்லை என்றால் ஒற்றைத் தாடையே போதும் என்பேன். கூடுதல் வெட்டு எதற்கு? இதில் ஒன்று மாறினாலும், கம்பி போடுவதற்கு முன்பே ஸ்லீப் ஸ்டடி கேளுங்கள். எந்தத் தாடை நகரப்போகிறது என்பதை வைத்துத்தான் பற்களை வரிசைப்படுத்துவார்கள். பாதியில் திட்டத்தை மாற்றினால் கம்பி வேலையும் நீளும்.