ரெஸ்யூமுக்குக் கொடுத்த 14,849 ரூபாய்

ரெஸ்யூம் எழுதித் தர்றோம், இன்டர்வியூ வாங்கித் தர்றோம்னு சொன்ன ஒரு ஆபீஸ்ல மொத்தம் 14,849 ரூபாய் போச்சுங்க. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலை தேடிக்கிட்டிருக்கறவங்க, முக்கியமா குழந்தைக்காகக் கொஞ்ச வருஷம் வீட்ல இருந்துட்டுத் திரும்ப வேலைக்குப் போகணும்னு நினைக்கற பொம்பளைங்க, இதை ஒரு தடவை படிச்சிருங்க. அந்த ஆபீஸ் பேரைப் போடலை. புகார் நடந்துக்கிட்டிருக்கு. தவிர, அவங்களே பேரை மாத்திக்கிட்டுத்தான் இருக்காங்க.

எனக்கு ஊர் காங்கேயம். திருப்பூர்ல எட்டு வருஷம் மெர்ச்சன்டைசரா இருந்தேன். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, பையர் அனுப்பற டெக் பேக் (டிசைன், அளவு விவரம்) கைக்கு வந்ததுல இருந்து பொட்டி கன்டெய்னர்ல ஏறற வரைக்கும் அந்த ஆர்டருக்கு நாமதான் ஆத்தா அப்பன். லேப் டிப் (சாயக் கலர் சாம்பிள்) அப்ரூவல், ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் (மொத்தமாத் தைக்கறதுக்கு முந்தின சாம்பிள்), டையிங்காரரைத் துரத்தறது, பிரிண்டிங்காரர்கிட்டக் கெஞ்சறது, ராத்திரி பத்து மணிக்குப் பையருக்கு மெயில் போடறது, எல்லாம் நம்ம தலைமேலதான். பையன் பிறந்தப்ப விட்டேன். மூணு வருஷம் ஓடிருச்சு. பால்வாடியில சேர்த்ததும் திரும்பப் போகலாம்னு நாலஞ்சு இடத்துக்கு அனுப்பினேன். ஒருத்தரும் கூப்பிடலை. கூப்பிட்ட ஒரே ஒரு ஆளும் "மூணு வருஷம் கேப் இருக்குதுங்களே"ன்னு இழுத்தார். அன்னிக்கு ராத்திரி மனசுல ஒரே வெசனம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் வந்துச்சு: "உங்கள் ரெஸ்யூம் ஏன் நிராகரிக்கப்படுகிறது? இலவச ஏடிஎஸ் சோதனை."

அனுப்பினேன். பத்து நிமிஷத்துல சிவப்பு வட்டத்துக்குள்ள 31ன்னு போட்டு வந்துச்சு. நூத்துக்கு முப்பத்தொண்ணு. "இந்த ஸ்கோர்ல எந்தக் கம்பெனி சிஸ்டமும் உங்க ரெஸ்யூமைத் திறக்கவே திறக்காது மேடம்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ். பன்னெண்டாவது பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏடிஎஸ் பத்தி இப்ப எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடறேன். பெரிய கம்பெனிகள்ல வர்ற விண்ணப்பங்களைச் சேர்த்து வெச்சு, வேணுங்கற வார்த்தையைப் போட்டுத் தேடற சாஃப்ட்வேர் அது. பக்கத்தை இடம் வலமா ரெண்டாப் பிரிச்சு, டேபிள் போட்டு, எழுத்தைப் படமா மாத்தி வெச்சா அது சரியாப் படிக்காம விட வாய்ப்பு இருக்கு. அதனால பக்கத்தைப் பிரிக்காம எளிமையா எழுதறது நல்லதுதான். ஆனா எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா நூத்துக்கு இத்தனைன்னு ஒரு மார்க் எங்கயும் கிடையாது. ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குத் தோணின கணக்குல போடறது அது. அப்புறம், திருப்பூர்ல பாதி எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல எந்த சாஃப்ட்வேரும் இல்லை. மேனேஜர் போன்ல வாட்ஸப்ல வர்ற பிடிஎஃப்தான், அவரே ரெண்டு விரலால பெருசு பண்ணிப் படிப்பார். எட்டு வருஷம் அங்கயே இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பயம் வந்தா தெரிஞ்சதும் மறந்துருது.

எல்லாம் முடிஞ்ச பின்னாடி என் அக்கா மகன் அவன் நம்பர்ல இருந்து அதே இலவச சோதனைக்கு எங்க வீட்டுக் கரண்ட் பில் பிடிஎஃப்பை அனுப்பினான். 33 வந்துச்சு. என்னைவிட ரெண்டு மார்க் அதிகம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். மாமியார்கிட்டப் பையனை விட்டுட்டு, பல்லடம், சூலூர் வழியா சிங்காநல்லூர் பஸ்ல போய் இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு காந்திபுரம். நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. கீழே செல்போன் கவர் விக்கற கடை, பக்கத்துல குறுகலா ஒரு படி, மேல மூணு டேபிள். கீழ்க் கடையில ஸ்பீக்கர் வெச்சு "எந்தக் கவர் எடுத்தாலும் அம்பது ரூபா, அம்பது ரூபா, அம்பதே ரூபா"ன்னு ஓயாம ஓடிக்கிட்டிருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒரு பொண்ணு எதிர்ல உட்கார்ந்து பேசுச்சு. அரை மணி நேரத்துல அது கேட்டது மூணு கேள்வி. எத்தனை சம்பளம் எதிர்பார்க்கறீங்க, வெளியூர் போவீங்களா, ஜிபே இருக்கா. என்ன துணி பண்ணினீங்க, எந்த நாட்டுப் பையர், ஒரே நேரத்துல எத்தனை ஸ்டைல் பார்ப்பீங்க, ஒரு வார்த்தை கேட்கலை. நான் என் வேலையைச் சொல்ல ஆரம்பிச்சாலும் "அதெல்லாம் எங்க ரைட்டர்ஸ் பார்த்துக்குவாங்க மேடம்"னு முடிச்சிருச்சு. இப்ப யோசிச்சா, எந்திரிச்சு வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். என் வேலை என்னன்னு கேட்காம என் வேலையைப் பத்தி எப்படி எழுதுவாங்க?

வரலை. முழு ரிப்போர்ட்டுக்கு 1,499. ரெஸ்யூம் எழுத 4,500. நாலு நாள் கழிச்சு, "மூணு இன்டர்வியூ கன்ஃபர்ம்" திட்டத்துக்கு 7,500, அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,350, ஆக 8,850. சீட்டு எடுத்த பணம். வீட்டுக்காரர் தேங்காய்க் களத்துல கணக்குப் பார்க்கறார், "உனக்கு நம்பிக்கை இருந்தாக் கட்டு"ன்னார். மூணு தடவையும் யுபிஐல போனது ஒரு தனி ஆள் பேருக்கு. கம்பெனி பேருக்கு இல்லை. பில் கேட்டப்ப வாட்ஸப்ல ஒண்ணு வந்துச்சு, ஜிஎஸ்டி நம்பரோட. அந்த நம்பரை அன்னிக்கு நான் எண்ணிப் பார்க்கலை. ஜிஎஸ்டி நம்பர்ல 15 எழுத்து இருக்கணும், தமிழ்நாட்டுக்கு 33ல ஆரம்பிக்கும். இவங்களோடது 33ல ஆரம்பிச்சு 14 எழுத்தோட முடிஞ்சிருச்சு. ஜிஎஸ்டி இணையதளத்துல லாகின் எதுவும் இல்லாமலே நம்பரைப் போட்டு யார் பேர்ல இருக்குன்னு பார்க்கலாம். ஒரு நிமிஷ வேலை.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் பண்ணினேன். வேலை தேடற தளத்துல "புரொஃபைலை நாங்களே அப்டேட் பண்றோம்"னு ஓடிபி கேட்டாங்க. பேங்க் ஓடிபியைத்தான் சொல்லக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு இதைச் சொல்லிட்டேன்.

ரெஸ்யூம் வந்துச்சு. நீலப் பட்டை, வட்டத்துல போட்டோ, ரெண்டாப் பிரிச்ச பக்கம், திறமைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு அளவு. ஏடிஎஸ் படிக்காதுன்னு பயமுறுத்தினவங்க ஏடிஎஸ் படிக்காத மாதிரியே செஞ்சு கொடுத்திருந்தாங்க. மேல "டைனமிக் அண்ட் ரிசல்ட் ஓரியன்டட் புரொஃபெஷனல்"னு ஆரம்பிக்கற ஆறு வரி. என் பேரை எடுத்துட்டு ஒரு பேங்க் மேனேஜர் பேரைப் போட்டாலும் பொருந்தும். அனுபவம்ங்கற இடத்துல "டெனிம் வாஷிங், ஓவன் ஷர்ட்டிங்". ரெண்டுமே நெசவுத் துணி வேலை, நான் பின்னலாடை தவிர எதையும் தொட்டதில்லை. வேற யாரோட ரெஸ்யூமையோ எடுத்து என் பேரை ஒட்டியிருக்காங்க. சொன்னேன். "அது கீவேர்டு மேடம், இருந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும்"னு பதில்.

கன்ஃபர்ம் பண்ணின மூணு இன்டர்வியூ கதையையும் கேளுங்க. ஒண்ணு, அவினாசி ரோட்டுல ஒரு கம்பெனி கேட்ல போர்டு எழுதித் தொங்கவிட்டிருந்த வாக்-இன். எங்கூட இருபது பேர் நின்னாங்க, ஒருத்தரும் ஒரு பைசா கட்டலை. ரெண்டாவது, இன்சூரன்ஸ் பாலிசி பிடிச்சுக் கொடுக்கற வேலை. மூணாவதுதான் சிறப்பு. "பெங்களூர் கம்பெனி எச்ஆர்"னு ஒருத்தர் போன்ல இங்கிலீஷ்ல பேசினார். உங்க கேப் பெரிய பிரச்சினை, அனுபவச் சான்றிதழ் இருந்தா உடனே எடுத்துக்குவோம்னார். நான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், அவர் குரலுக்குப் பின்னாடி சன்னமாக் கேட்குது: அம்பது ரூபா, அம்பது ரூபா, அம்பதே ரூபா.

கை நடுங்கிருச்சுங்க. போனை வெச்சுட்டு அடுப்படியில போய் உட்கார்ந்துக்கிட்டேன்.

சாயங்காலமே அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு. "மேடம், பெங்களூர்ல ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டாங்க. 15,000 கட்டினா மூணு வருஷத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணிரலாம்." இதுக்காகத்தான் இத்தனை நாடகமும். மத்ததைவிட இதைத்தான் நீங்க கவனிக்கணும். பிஎஃப் பிடிச்ச கம்பெனியில வேலை பார்த்திருந்தா, யூஏஎன்னு சொல்ற நம்ம பிஎஃப் நம்பர்ல நாம சேர்ந்த தேதி, விலகின தேதி எல்லாம் அப்படியே இருக்கு. ஆள் எடுக்கும்போது கம்பெனிக்காரங்க அதைத்தான் கேட்டு வாங்கிச் சரிபார்க்கறாங்க. போலி லெட்டர் கொடுத்து மாட்டினா வேலை போறது ஒருபக்கம், போலி ஆவணத்தைப் பயன்படுத்தின குற்றம் நம்ம மேல வரும். லெட்டர் அடிச்சுக் கொடுத்தவன் அப்ப எந்த போர்டுல இருப்பானோ. பிள்ளை வளர்த்த மூணு வருஷத்தை மறைக்கறதுக்கு நான் எதுக்குக் கேசுல மாட்டணும்?

அடுத்த வாரம் என் பழைய ஜிஎம் சார் போன் பண்ணினார். ஆறு வருஷம் அவர்கிட்ட வேலை பார்த்திருக்கேன்.

"என்ன கண்ணு, நல்லாருக்கியா? நம்ம கம்பெனி ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கற?"

"நானுங்களா? இல்லைங்க சார்."

"உன் பேர், உன் போட்டோ. டெனிம் வாஷிங் எப்பம்மா பண்ணினே, எனக்குத் தெரியாம?"

அக்கவுன்ட்டுக்குள்ள போய்ப் பார்த்தா, நான் சொன்ன ஓடிபியை வெச்சு ரெண்டே நாள்ல 163 வேலைக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. டிரைவர் வேலைக்குக்கூட. போன் நம்பரையும் அவங்க நம்பரா மாத்தி வெச்சிருந்தாங்க, அதனால உண்மையா யாராவது கூப்பிட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது. எல்லாத்தையும் சார்கிட்டக் கொட்டினேன். அவர் திட்டலை. "180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, ஒரு கிலோவுக்கு எத்தனை டி-ஷர்ட் வரும்?"னார். சைஸைப் பொறுத்து நாலரை, அஞ்சு வருங்க சார்னேன். "யோசிக்காமச் சொன்னே பாரு, அதை எழுதறதை விட்டுட்டு டெனிம் எழுதி வெச்சிருக்கறே. எந்தெந்த நாட்டுக்கு அனுப்பினே, மாசம் எத்தனை பீஸ், லேட்டான ஷிப்மென்ட்டை எப்படிச் சமாளிச்சே, அதை எழுது. கேப்பை மறைக்காதே, குழந்தை பிறந்துச்சுன்னு ஒரு வரி போடு." அவர்கிட்ட இப்ப ஆள் எடுக்கலை. ஆனா அந்தப் பத்து நிமிஷத்துக்கு எனக்கு ஒரு ரூபாய் செலவாகலை.

காசு வாங்கிக்கிட்டு ரெஸ்யூம் எழுதறது தப்பான தொழில்னு நான் சொல்லலை. எங்க சொந்தத்துலயே ஒரு பையனுக்கு ஒரு ரிட்டயர்டு எச்ஆர் அம்மா ஒன்றரை மணி நேரம் குடைஞ்சு குடைஞ்சு கேட்டு எழுதிக் கொடுத்தாங்க, அவங்க வாங்கின காசுக்கு அது தகும். வேலை தேட இலவசமா வழியும் இருக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தற தனியார் துறை முகாம்கள், அரசோட தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம், ரெண்டுக்கும் கட்டணம் கிடையாது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்னா சர்க்கார் வேலைக்குப் பதிஞ்சு வெச்சுட்டு முடி நரைக்கற வரைக்கும் காத்திருக்கறதுன்னு நானும்தான் நினைச்சிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டப்ப முதல்ல "புராசஸ்ல இருக்கு" ஆச்சு, அப்புறம் "நோ ரீஃபண்ட் பாலிசி" ஆச்சு, அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் பதிஞ்சேன். பணம் போன கையோட கூப்பிட்டாத்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நான் கடைசிப் பணம் போய்ப் பதினொரு நாள் கழிச்சுக் கூப்பிட்டேன். நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915லயும் சொன்னேன். அப்புறம் ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பினேன், "அப்படி யாரும் இல்லை"ன்னு திரும்பி வந்துச்சு.

நேர்லயே போய்ட்டேன். அதே படி, மேல வேற பேர்ல புது போர்டு. உள்ள அதே பொண்ணு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு வாசலுக்கு வந்துருச்சு. இத்தனை நாள் மேடம் மேடம்னு பேசினது, "அக்கா, எனக்கும் ரெண்டு மாசச் சம்பளம் தரலைங்க்கா"ன்னுச்சு. அதைத் திட்ட எனக்கு வாய் வரலை. அதோட வேலை ஆர்டரைக் காமிச்சுச்சு, அதுல மூணாவதா ஒரு கம்பெனி பேர் இருந்துச்சு. போட்டோ எடுத்துக்கிட்டேன்.

மூணு கம்பெனி பேரையும் எதிர்த்தரப்பாப் போட்டுத் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுத்திருக்கேன். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நாம கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் இருந்தா மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, அரசோட இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே பதியலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுத்திரணும்.

இதே மாதிரி கவர் கடை மாடியில பணம் கட்டினவங்க யாராவது இருந்தா, அவங்க கொடுத்த பில்லை எடுத்து ஜிஎஸ்டி நம்பரை எண்ணிப் பாருங்க. பதினாலு எழுத்து இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, ஒட்டுக்காப் போலாம்.