டிராக்டருக்கு வீட்டிலேயே டீசல்: கேனா, ஸ்டாண்டா, பம்ப்பா?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் வீடு, பின்னால் மூன்று ஏக்கர், ஒரு 45 எச்.பி. டிராக்டர். சொந்த நிலத்தில் அதற்கு வேலை குறைவு. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வாடகை உழவுக்குத்தான் அதிகம் போகும். சேறடிக்கிற நாட்களில் டேங்க் ஒரே நாளில் காலி. மண்ணைக் கிளறும் சுழல்கத்தியான ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பங்க்குக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். அதனால் வீட்டிலேயே ஊற்றிக்கொள்ள ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். இப்போது என் கொட்டகையில் இருப்பது தரையில் ஒரு பேரல், அதன் தலையில் ஒரு கை பம்ப்.

கேனும் புனலும் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 20 லிட்டர் கேன் நிறைந்தால் சுமார் 17 கிலோ. தூக்கிவிடலாம். ஆனால் என் வண்டியில் டேங்க் மூடி பானெட் மேல், தோள் உயரத்தில் இருக்கிறது. அங்கே கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கும், பானெட் முழுக்க டீசல் வழியும். 35 லிட்டர் கேன் என்றால் 29 கிலோ, முதுகு உங்களுடையது. டியூப் போட்டு வாயால் உறிஞ்சுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு வாய் டீசல் தவறி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். அதை விட்டுவிடுங்கள்.

அப்பா வைத்திருந்தது ஸ்டாண்ட். ஆங்கிள் வெல்டிங் பண்ணி, ஐந்தடி உயரத்தில் பேரலைப் படுக்கவைத்து, முகப்பில் ஒரு குழாய், ஒரு ஓஸ். வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக் குழாயைத் திறந்தால் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் டேங்க் நிறைந்துவிடும். சுகம் என்றால் அதுதான் சுகம். அந்த உயரத்தில் இருக்கும் பேரலை நிரப்புவது யார் என்ற கேள்வி வரும்வரை.

ஸ்டாண்டை நான் கழற்றியதற்குக் காரணம் அதுகூட இல்லை, தண்ணீர். ஒரு கார்த்திகைக் கடைசியில் நவரைப் பட்ட நெல்லுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தபோது வண்டி இழுத்து இழுத்து நடுவயலில் நின்றது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினார். கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே டீசல், நடுவில் பழுப்பாக ஒரு படலம். "ஏன் தம்பி, பங்க்குல புடிச்சியா, கிணத்துல எறச்சியா?" என்றார். ஃபில்டரோடு போனது என் அதிர்ஷ்டம். தண்ணீர் தாண்டிப் போயிருந்தால் டீசல் பம்ப், இன்ஜெக்டர் என்று செலவு எங்கேயோ போயிருக்கும்.

சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி காலியான பேரலில் இரவில் உள்சுவர் வியர்க்கும். அந்த நீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். அப்பாவின் ஸ்டாண்ட் குழாய்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, கடைசிச் சொட்டு வரை வரவேண்டுமாம். கடைசிச் சொட்டாக வந்தது என்ன என்று டம்ளரில் பார்த்துவிட்டேன். ஸ்டாண்டைப் பின்பக்கம் சாய்த்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கை பம்ப் எனக்குப் பிடித்தது இங்கேதான். பேரலின் 2 இஞ்ச் மூடியில் திருகிவிட்டு, உள்ளே இறங்கும் குழாயை அடியிலிருந்து 2 இஞ்ச் மேலே நிற்கும்படி அறுத்துவிட்டேன். 200 லிட்டர் பேரலில் ஒரு இஞ்ச் என்பது ஏறக்குறைய ஆறரை லிட்டர். ஆக 13 லிட்டர் எப்போதும் அடியில் முடங்கிக் கிடக்கும். முதலில் வயிறு எரிந்தது. ஆனால் தண்ணீரும் சகதியும் அந்தப் 13 லிட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பேரல் நிரப்பிய அன்றைக்கு மட்டும் பம்பைத் தொடுவதில்லை, ஒரு இரவு தெளியவிடுவேன்.

இன்னொரு விஷயம், பேரலின் தலை. நிமிர்ந்து நிற்கும் பேரலின் மேல் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பேரல் கூரைக்கு அடியில்தான் இருக்கிறது. அப்படியும் சாரலுக்காக ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பைப் பம்புக்கு ஓட்டை போட்டுக் கவிழ்த்திருக்கிறேன். பம்பைச் சுற்றும்போது பேரலின் முக்கால் இஞ்ச் சின்ன மூடியைத் தளர்த்திக் காற்று விட வேண்டும். மறந்தால் பம்ப் கனத்துக்கொண்டே போகும்.

குறை இல்லாமல் இல்லை. தோள்பட்டை வலிக்காரர்களுக்கு இது ஒத்துவராது. உள்ளே இருக்கும் பிளேடு தேய்ந்தால் டீசல் ஏறாமல் வெறுமனே சுற்றும். இரண்டு வருஷத்தில் ஒருமுறை மாற்றினேன்.

டிராக்டர் பேட்டரியிலேயே ஓடும் 12 வோல்ட் பம்பை மச்சான் வீட்டில் ஒரே ஒரு பருவம் பயன்படுத்தினேன், அதை வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்லக் கூடாது. வேகம் அருமை. ஆனால் டீசல் தீர்ந்தபின் கவனிக்காமல் ஓடவிட்டு மோட்டார் சூடேறி நாறியது. பெட்ரோலுக்கு அதை எடுத்துப் போகவே கூடாது, மோட்டார் பொறி ஒன்று போதும். வண்டியில் வீடு தேடி வரும் டீசலை இந்தியன் ஆயில் 2018இல் புனேயில் தொடங்கியது. ஒற்றை டிராக்டர்காரன் வாங்கும் அளவுக்கு அது சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1934ஆம் வருஷப் பெட்ரோலியச் சட்டப்படி ஓரிடத்தில் 2,500 லிட்டர் டீசல் வரை லைசென்ஸ் வேண்டாம், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. பேரலுக்குத் துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம், டீசலோடு ஒத்துப்போகாது. சாதா இரும்பே போதும்.

அடியில் கிடக்கும் அந்த 13 லிட்டரை வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் கவிழ்த்து எடுக்கிறேன். ஊறுகாய் ஜாடி ஒன்றில் ஒரு வாரம் தெளியவிட்டு, மேலாக இறுத்தது ரொட்டவேட்டர் கத்தியின் துரு துடைக்க. அம்மாவுக்குத்தான் அந்த ஜாடி போனதில் இன்னும் கோபம்.