கொல்லிமலையா, இருங்காட்டுக்கோட்டையா?

பைக்கில் வளைவுகளை நன்றாக எடுக்கப் பழகணும்னா நம்மூரில் இரண்டு வழி. விடியற்காலையில் கிளம்பி மலை ஏறலாம். இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு பயிற்சி நாளுக்குப் பணம் கட்டலாம். இரண்டும் பார்த்தவன் நான். இப்போது டிராக் பக்கம்தான்.

செலவில் மலையே ஜெயிக்கும். பெட்ரோலும் டீயும் போதும். டிராக்கில் கட்டணம், லெதர் சூட், பூட்ஸ், கையுறை என்று நீளும். வழக்கமான வண்டி இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனாலும் டிராக்தான் என்கிறேன். அதே வளைவு திரும்பத் திரும்ப வருகிறது என்ற ஒரே காரணம் போதும்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் வண்டி வெளிப்பக்கம் ஓடிவிடுகிறது. பிரேக்கை விட்டது தாமதமா, சீக்கிரமே திரும்பிவிட்டோமா, பார்வை முன்சக்கரத்திலேயே நின்றுவிட்டதா? யோசிப்பதற்குள் அடுத்த வளைவு வேறு அகலம், வேறு சரிவு, ஓரத்தில் மணலோடு வந்துவிடும். காரணம் தெரியாமலே மேலே போய்ச் சேர்வோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். 200 சிசி வண்டியில் நிதானமாகப் போனாலும் மூன்று நிமிடத்துக்குள் அதே வளைவு மறுபடி வரும். அதே தார், எதிரே வண்டி கிடையாது. இந்தச் சுற்றில் பிரேக் விடும் இடத்தை மட்டும் மாற்றலாம். அடுத்ததில் திரும்பும் இடத்தைப் பத்தடி தள்ளலாம். சீக்கிரம் திரும்பினால் வளைவின் முடிவில் ரோடு போதாது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பினால் ஏபெக்ஸ், அதாவது வளைவின் உள்விளிம்பை வண்டி நெருங்கும் இடம், தள்ளிப்போகும், வண்டி முன்னதாகவே நிமிரும், த்ராட்டிலைத் தயங்காமல் திறக்கலாம். சொல்ல ஒரு வரிதான். உடம்பில் ஏற, ஒரே வளைவைப் பல தடவை எடுக்க வேண்டும்.

வேகமும் உதவுகிறது. வலப்பக்கம் சாய வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும் என்பது 80-ல் கைக்கே தெரியும். கொண்டை ஊசியில் 20, 25-ல் அது அவ்வளவாகப் பிடிபடாது. 60-ல் எடுத்த வளைவை 66-ல் எடுத்தால் பக்கவாட்டு விசை 21 சதவீதம் கூடும். அந்த வித்தியாசத்தைப் பயமில்லாமல் உணர்ந்து பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

மலை கற்றுத்தருவதும் உண்டு. ஏற்றத்தில் முதல் கியர், மணலைத் தூரத்திலேயே பார்த்துவிடும் கண், பஸ்ஸுக்கு இடம் விடும் பழக்கம் எல்லாம் டிராக்கில் வராது. டிராக்கில் பழகிய லைனை, அதாவது வளைவில் வண்டி போகும் பாதையை, அப்படியே மலைக்குக் கொண்டுபோகவும் கூடாது. டிராக்கில் ரோடு முழுக்க நமக்கு, மலையில் பாதிதான். வலப்பக்க வளைவில் டயர் கோட்டுக்குள் இருந்தாலும், சாய்ந்த தலையும் தோளும் எதிரே வரும் பஸ்ஸின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

மழையில் டிராக் ஓட்டியதில்லை. கோவை செட்டிப்பாளையம் காரி டிராக்கிலும் எனக்குப் பழக்கம் குறைவு. இருங்காட்டுக்கோட்டையைவிடச் சுற்று சின்னது, அதனால் ஒரே வளைவு இன்னும் சீக்கிரம் திரும்பி வரும் என்ற அளவில்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதல் தடவை போகிறவர்கள் பெரிய வண்டி தேட வேண்டாம். தினமும் ஓட்டுகிற 150, 200 சிசி வண்டியே போதும். பாதிக்கு மேல் தேயாத டயர், நல்ல பிரேக் பேடு இருக்கட்டும். வெயில் காலத்தில் தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள், சூட்டுக்குள் உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும்.