கரு மாற்றத்துக்கு முன் நுண்ணுயிர்ச் சோதனை: ஸ்லைடா, மரபணு அறிக்கையா?

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஒருமுறை கைகூடாமல் போனால், அடுத்த கரு மாற்றத்துக்கு முன் "யோனியில் இருக்கும் நுண்ணுயிர்களையும் பார்த்துவிடலாமா?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. பார்க்க இரண்டு வழி உண்டு.

ஒன்று பழைய வழி. பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்ததை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நலமாக இருந்தால் குச்சி குச்சியாக லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா நிறைந்திருக்கும். அது லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச். அளவை 4.5-க்கு மேல் ஏறவிடாது. அது குறைந்து கார்ட்னெரெல்லா போன்றவை பெருகினால், உதிர்ந்த செல்லின் ஓரமே தெரியாதபடி பாக்டீரியா அப்பிக் கிடக்கும், மணலில் புரட்டியெடுத்த மாதிரி. இதற்கு நுஜென்ட் மதிப்பெண் உண்டு: 0 முதல் 10 வரை. 7-ஐத் தொட்டால் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது யோனியின் நுண்ணுயிர்ச் சமநிலை கெட்ட நிலை.

இன்னொன்று அந்த நுண்ணுயிர்களின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்ப்பது. விவரம் இதில்தான் அதிகம். லாக்டோபேசில்லஸிலேயே கிரிஸ்பேட்டஸ் நல்ல காவல், ஐனர்ஸ் அவ்வளவு நம்பகமில்லை என்ற வேறுபாட்டை ஸ்லைடு சொல்லாது, இது சொல்லும்.

சரி, தெரிந்துகொண்டு என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மனம் கனக்கிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருப்பைக்குள் லாக்டோபேசில்லஸ் 90 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது வெகு குறைவு. அந்த ஆய்வில் இருந்ததோ 35 பெண்கள்தான். அப்புறம் டென்மார்க்கில் 338 பேரிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கிளிண்டமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தோடு கிரிஸ்பேட்டஸ், இன்னொன்றுக்குக் கிளிண்டமைசின் மட்டும், மூன்றாவதுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. கருத்தரித்தவர்கள் முறையே 42, 46, 45 சதவீதம். சமநிலை கெட்டிருப்பதற்கும் தோல்விக்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் சரிசெய்தால் கரு பதியும் என்பது நிரூபணமாகவில்லை.

அதனால் என் ஓட்டு ஸ்லைடுக்கு. வாடையோ வெள்ளைப்படுதலோ இருந்தால் பார்த்து, அந்தத் தொல்லைக்காகவே மருந்து எடுக்க வேண்டும். வழக்கமாக மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இருவேளை, 7 நாள். தொல்லை திரும்பி வருவதுதான் இதில் பெரிய பாடு. மெட்ரோனிடசோலுக்குப் பின் யோனியில் கிரிஸ்பேட்டஸ் வைத்தபோது, 12 வாரத்தில் திரும்பியது 45-இலிருந்து 30 சதவீதமாகக் குறைந்ததை 2020-இல் காட்டினார்கள். கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது, திரும்பியது 63-இலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தது, 2025-இல். இதைப் பெண்ணின் சுத்தக்குறைவு என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது நிலைமையைக் கெடுக்கவே செய்யும்.

எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு மரபணு அறிக்கையைக் காட்டி கரு மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொன்னால், வயதும் முட்டை இருப்பும் காத்திருக்காது. அப்போது மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த அறிக்கையில் என்ன வந்தால் என் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?"