வீட்டு வரியா, புள்ளி வரியா: எது கட்டாயம்?

"வரி நாமளா கட்டுறதா, கட்ட வைக்கிறதா?" போன வாரம் காரைக்குடியில் பெரியப்பா கேட்டது. கையில் ரெண்டு ரசீது. ஒன்று மாநகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி, ஒன்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயிலுக்குக் கட்டிய புள்ளி வரி.

யார் கேட்பது?
வீட்டு வரி: அரசு. சட்டம் இல்லாமல் வாங்க முடியாது, அரசியல் சாசனம் 265-ஆவது பிரிவு.
புள்ளி வரி: நகரத்தாரின் ஒன்பது கோயிலில் நம் குடும்பம் சேர்ந்த கோயில். கல்யாணமானால் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம்.

எவ்வளவு?
வீட்டு வரி: கட்டடப் பரப்பைப் பொறுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முகப்பு, வளவு, ரெண்டாம்கட்டு என்று நீளும் பூட்டிய வீட்டுக்குக் கடிக்கும்.
புள்ளி வரி: சொற்பம்.

கட்டாவிட்டால்?
வீட்டு வரி: அபராத வட்டி, நோட்டீஸ்.
புள்ளி வரி: போலீஸ் வராது. ஆனால் மகன் கல்யாணத்துக்குக் கோயில் மாலை (கல்யாணத்தைக் கோயில் ஏற்றதற்கு அடையாளம்) வாங்கப் போனால், பாக்கி நோட்டைப் புரட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! பெரியப்பா பதினோரு வருஷப் பாக்கியை அங்கேயே எண்ணி வைத்தார்.

சட்டப்படி முதலாவதுதான் கட்டாயம். எனக்கென்னவோ ரெண்டாவதுதான் இறுக்கம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டு வரியை ஆன்லைனில் கட்டிவிடலாம். வீட்டில் கல்யாண வயசுப் பிள்ளை இருந்தால் முதலில் கோயில் பாக்கியைத் தீருங்கள்.