காய்ந்த தேக்கு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தங்கை குடும்பமும் கூடினால் எட்டுப் பேர். நான்கு பேருக்கான மேசையைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகள் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். இந்தத் தைப்பொங்கலுக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேல்நாட்டுப் பண்ணை வீடுகளில் இருக்குமே, சதுரக் கால்களும் தடித்த மேற்பலகையும் கொண்ட, அலங்காரம் எதுவும் இல்லாத மேசை, அதைப் போல ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் நானே செய்வது என்று தீர்மானித்தேன். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தச்சு வேலை பழகத் தொடங்கியவன் நான். கூர் வெட்டித் துளையில் பொருத்த வரும். சீவுளி பிடிக்கவும் வரும். மரத்தைத் தெரிவு செய்யும் கண் மட்டும் இன்னும் வரவில்லை. என்னை ஏமாற்றியவர் கண்டுகொண்டது அதைத்தான்.

நவம்பர் நடுப்பகுதியில் கொழும்பின் வட பகுதியில் உள்ள ஒரு மரக்காலைக்குப் போனேன். பிறகு நான் அவர்கள்மேல் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. முதலாளி மரியாதையான மனிதர். தேநீர் வருவித்துக் கொடுத்தார். "ஐயா, இது ஒரு வருடம் நிழலில் காய்ந்த தேக்கு. அதற்குப் பிறகு மரம் உலர்த்தும் சூளையிலும் போட்டு எடுத்தோம். நாளைக்கே நீங்கள் மேசை செய்யலாம்" என்றார். பலகைகள் சீவி மினுமினுவென்று அடுக்கப்பட்டிருந்தன. முனைகளில் சிவப்பு வர்ணம் பூசியிருந்தது. முனை வெடிக்காமல் இருக்க வர்ணம் பூசுவது நல்ல வழக்கம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் மரத்தின் உள்நிறமும் ஈரமும் தெரியக்கூடிய ஒரே இடமும் அந்த முனைதான். ஒரு அங்குலம் வெட்டிக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. 72,000 ரூபாயை ஒரே தடவையில் எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "பலகை, சட்டம்" என்று எழுதித் தொகையைப் போட்டுத் தந்தார்கள். தேக்கு என்ற சொல் அதில் இல்லை. உலர்த்தியது என்ற சொல்லும் இல்லை.

வீட்டுக்கு வந்து அளந்தபோது ஒன்றரை அங்குலம் என்று கணக்கிட்ட பலகை ஒன்றேகால்தான் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "சீவியதில் போனது ஐயா" என்றார். ஒன்றரைக்குப் பணம் கொடுத்து ஒன்றேகால் வாங்கினால், ஆறில் ஒரு பங்கு மரத்துக்குச் சும்மா பணம் கொடுத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அளவு சீவுவதற்கு முன்னா, பின்னா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் பலகைகளை வீட்டுக்குள் வைத்திருந்தேன். டிசம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் வேலை. தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் ஒட்டும் விளிம்புகளை அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து, உடனேயே பசை பூசி, இரவு முழுக்க இறுக்கி வைத்தேன். மரம் நீள வாக்கில் அசையாது, அகல வாக்கில் அசையும் என்று தெரியும். ஆகவே இரு தலைப்பிலும் போட்ட குறுக்குப் பலகையை நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத்து முளைகளுக்கு (மர ஆணிகளுக்கு) பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் நகர இடம் விட்டேன். காய்ந்த மரத்துக்கு அது போதும். பொங்கலன்று எட்டுப் பேரும் அந்த மேசையில் சாப்பிட்டோம். அம்மா மேசை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி கடைசி வாரத்தில் ஓர் இரவு, துப்பாக்கி வெடித்ததைப் போல ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மேற்பலகையில் ஒரு முழத்துக்குப் பிளவு. மேற்பலகை மொத்தமாக அரை அங்குலம் ஒடுங்கியிருந்தது. குறுக்குப் பலகை மட்டும் பழைய அகலத்திலேயே இரு பக்கமும் கால் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மரம் ஒடுங்க ஒடுங்க, நான் விட்ட இடம் முடிந்து, ஓரத்து முளை இழுத்துப் பிடித்ததில் பலகை பிளந்திருக்கிறது. கீழே குனிந்தபோது இன்னொன்றும் கண்டேன். ஒரு பலகையின் ஓரத்திலிருந்து கோதுமை மாவைப் போன்ற தூள் கொட்டியிருந்தது. அந்த இடத்தைச் சுரண்டினேன். மேலே பொன்னிறம், உள்ளே வெளிறிய மஞ்சள். வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம், இல்லாத வெளிமரத்துக்குச் சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். தேக்கைக் கறையான் தொடாது என்ற புகழ் எல்லாம் வைரத்துக்கு உரியது. மாவுச்சத்து உள்ள வெளிமரத்தை வண்டு துளைக்கும்.

முதலாளியிடம் போனேன். இந்த முறை தேநீர் இல்லை. "வெள்ளவத்தைக் கடற்காற்று ஐயா. அங்கே எந்த மரமும் இப்படித்தான்" என்றார். இந்தப் பதிலை நீங்களும் கேட்க நேரலாம், ஆகவே விளக்கமாக எழுதுகிறேன். கடற்காற்று ஈரக் காற்று. காய்ந்த மரத்தை அதில் வைத்தால் ஈரத்தை இழுத்து உப்பும். என் மேசை ஒடுங்கியது. கொழும்பின் ஈரக் காற்றிலேயே ஒரு மரம் ஈரத்தை இழந்து ஒடுங்குகிறது என்றால், காற்றில் இருந்ததைவிட மரத்துக்குள் அதிக ஈரம் இருந்திருக்கிறது. இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

மேசைத்தச்சராக மொறட்டுவையில் நெடுங்காலம் வேலை செய்த பாஸ் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் பிளவைப் பார்த்தவுடன், "மிச்சமாக ஏதாவது தடித்த துண்டு இருக்கிறதா?" என்று கேட்டார். கால் வெட்டியதில் மிஞ்சிய இரண்டடிச் சட்டம் இருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு அங்குலத்துக்கு ஒரு வில்லை வெட்டச் சொன்னார். சமையலறைத் தராசில் நிறுத்தேன், 184 கிராம். கேக் சுடும் ஒவனில் 100 பாகையில் வைத்து, இடையிடையே நிறுத்து, எடை இனிக் குறையவில்லை என்று ஆனபோது 140 கிராம். போன 44 கிராமும் தண்ணீர். அதை 140ஆல் வகுத்தால் 31 சதவீத ஈரம். வாங்கிப் பத்து வாரம் கழித்தும் 31 சதவீதம்! கொழும்பு வீடு ஒன்றில் மரம் ஏறக்குறைய 15 சதவீதத்தில் அடங்கும். சூளையில் உலர்ந்த மரம் என்றால் அதைவிடக் கூட இருக்கவே கூடாது. அந்த மரம் சூளையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

மரம் வாங்கப் போகிறவர்கள் பாதிப் பணத்துக்கு மேல் முதலில் கொடுக்காதீர்கள். உங்கள் முன்னால் முனையை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம். பலகையைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18, 19 கிலோதான். ஊசி குத்தும் ஈரமானி ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள், ஆனால் சீவிய மேற்பரப்பில் குத்தாமல் புதிதாக வெட்டிய முகத்தில் குத்துங்கள், மேற்பரப்பு எப்போதும் முதலில் காய்ந்துவிடும். பற்றுச்சீட்டில் மரத்தின் பெயர், சீவிய பின் உள்ள அளவு, உலர்த்தியது என்ற சொல் மூன்றும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்பது உங்கள் உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

அதே சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஈர மரம் தன் குற்றத்தைக் காட்ட இரண்டு, மூன்று மாதம் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு ஒரு வாரம்தான் மீதி இருந்தது. படங்களையும் எடை விவரத்தையும் இணைத்துக் கொடுத்தேன்.

மேசையைக் கழற்றிவிட்டேன். வண்டு அரித்த பலகையை வீட்டிலிருந்து அகற்றியாயிற்று. மீதியை ஒட்டிய கோடுகளிலேயே அறுத்து, இடையில் ஓர் அங்குலக் குச்சிகள் வைத்து விறாந்தையில் அடுக்கியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பலகையை நிறுத்துச் சுவரில் பென்சிலால் குறிக்கிறேன். இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. "மேசை எப்போது?" என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறார். எடை நிற்கட்டும் அம்மா என்று சொல்லியிருக்கிறேன்.